அந்த மைக்கை அணைத்தது நான்தான்: எங்கள் ஊர்த் திருவிழாக் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஊர்ப் பெரியவர்களுக்கும், திருவிழாக் கமிட்டி அண்ணன் தம்பிகளுக்கும் வணக்கம்.

மைக் செட் வாடகை பேச வந்த அன்று, இந்த வருஷம் பாட்டுக் கச்சேரிக்கு வரும் குழுவுக்கு நீங்கள் எழுதிக் கொடுத்திருக்கும் ஒப்பந்தத் தாளைப் பார்த்தேன். தேதி, நேரம், முன்பணம், சாப்பாடு எல்லாம் டைப் அடித்திருந்தது. அதற்குக் கீழே பேனாவால், ‘சாதி, அரசியல் சம்பந்தப்பட்ட பிரச்சினையான பாட்டு எதையும் பாடக் கூடாது’ என்று ஒரு வரி எழுதிச் சேர்த்திருந்தது. அந்த வரி எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். நேரில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நேரில் சொன்னால் நாலு பேருக்குள் முடிந்துவிடும். போன வருஷம் நடந்தது ஊர் முன்னால் நடந்தது. அதனால் நானும் ஊர் முன்னாலேயே எழுதுகிறேன்.

சாமிக்கு மண்குதிரை தூக்கிப்போகும் புரவியெடுப்பு முடிந்த மறுநாள் ராத்திரி, பொட்டலில் கச்சேரி. காரைக்குடியிலிருந்து வந்த குழுவில் நம் ஊர்ப் பையன் ஒருவனும் பாடினான். ஊருணிக்கு அந்தப் பக்கத்துத் தெருப் பையன், கல்லூரியில் படிக்கிறவன். அவன் அப்பா தப்புப் பறை அடித்துத்தான் நம் சாமி புறப்படுகிறது. அவருக்கு முன்னால் அவருடைய அப்பா அடித்தார். மணி ஒன்பது இருக்கும், அவன் ‘என்ஜாய் எஞ்சாமி’ பாடினான். பொட்டலே எழுந்து ஆடியது. கமிட்டிக்காரர்கள் நீங்களும் துண்டைச் சுழற்றி ஆடினீர்கள். சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் திருவிழாவுக்கு வந்திருந்த ஆச்சிமார் பொட்டலை ஒட்டிய வீட்டு முகப்பில் நின்று செல்போனில் படம் எடுத்தார்கள். இன்னொரு வாட்டி, இன்னொரு வாட்டி என்று கேட்டு இரண்டாவது முறையும் பாட வைத்தீர்கள்.

அப்புறம் அவன், ‘இந்தப் பாட்டை எழுதின அறிவு பாடிக்கிட்டிருந்த குழுவோட இன்னொரு பாட்டு’ என்று சொல்லிவிட்டு, இட ஒதுக்கீட்டைப் பற்றிய பாட்டை ஆரம்பித்தான். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, மேடைக்குச் சீட்டு போனது. அவன் கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்ததால் பார்க்கவில்லை. உடனே ஒரு தம்பி ஓடி வந்து என் காதில், ‘அண்ணே, பெரியவர் சொல்றாரு, மைக்கக் கொறைங்க’ என்றார். மிக்சரில் மூன்றாவது சானல் அவனுடையது. அதைக் கீழே இழுத்துவிட்டேன். கீபோர்டும் ரிதம் பேடும் ஓடிக்கொண்டிருந்தன, அவன் வாய் அசைந்தது, குரல் இல்லை. மேடைக்கு முன்னால் மண்ணில் உட்கார்ந்திருந்த சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் அவனுடைய வெறுங்குரல் கேட்டிருக்கும். அப்படியே இரண்டு வரி பாடினான். சத்தம் வரவில்லை என்று புரிந்ததும் மைக்கை விரலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தான். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தான். கமிட்டி உட்கார்ந்திருந்த பக்கம் அவன் திரும்பவே இல்லை.

இருபது வருஷத்துக்கு மேலாக மைக் செட் கட்டுகிறேன். கரண்ட் போய், ஆம்ப் புகைந்து, மழையில் வயர் நனைந்து எத்தனையோ முறை சத்தம் நின்றிருக்கிறது. நானாக ஒரு மனுஷனின் குரலை நிறுத்தியது அந்த ஒருமுறைதான். அவன் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். ‘பரவால்லண்ணே’ என்றான். அவன் அம்மா டீ போட்டுக் கொடுத்தார்கள். குடிக்கும்போது தொண்டை அடைத்துக்கொண்டது.

இப்போது உங்களிடம் கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். நாம் ஆடினோமே, அந்தப் பாட்டு என்ன சொல்கிறது என்று ஒரு நாளாவது உட்கார்ந்து கேட்டிருக்கிறோமா?

2021 மார்ச்சில் வந்த பாட்டு அது. சந்தோஷ் நாராயணன் இசை, பாடகி தீயும் அறிவும் பாடியது, சொல் அறிவினுடையது. அறிவு அரக்கோணத்துக்காரர். அவருடைய பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்துவிட்டு இந்தியாவுக்குத் திரும்பியவர். காட்டைத் திருத்தி, நட்டு, தண்ணீர் ஊற்றி வளர்த்தும் ஒரு கையளவு நிலம்கூடத் தங்களுக்கென்று மிஞ்சாத சனத்தின் கதை அந்தப் பாட்டுக்குள் இருக்கிறது. ஒப்பாரியும் இருக்கிறது. நம் ஊர் இழவு வீட்டில் பார்த்திருப்பீர்களே, தப்புச் சத்தத்துக்குக் கால் தானாக ஆடும், பாடுகிற கிழவி நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுவாள். அந்த மாதிரிப் பாட்டு. நாம் தாளத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

எனக்கு அது வெளியூர்க் கதை இல்லை. என் அப்பத்தா 1974-இல் நுவரெலியாப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்தாள். தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி, ஒரு தகரப் பெட்டியோடும் என் அப்பாவோடும் இந்த ஊருக்கு வந்தாள். பஞ்ச காலத்தில் அவளுடைய பாட்டன் இங்கிருந்துதான் போனாராம். சாகும் வரைக்கும் விடிகாலை நாலரைக்கு எழுந்து உட்கார்ந்துகொண்டு, ‘பெரட்டுக்கு நேரமாச்சு’ என்பாள். பெரட்டு என்றால் தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கு எடுப்பது. லயம், கங்காணி, கொழுந்து, துரை எல்லாம் அவள் வாயில் கேட்டுப் பழகிய சொற்கள். அந்தப் பாட்டு வந்தபோது அவள் இல்லை. அப்பா மட்டும் என் கடையில் உட்கார்ந்து முழுதாகக் கேட்டார். ஒன்றும் பேசாமல் எழுந்து போய்விட்டார்.

ராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி, சேலம் பக்கமிருந்து கூலிச் சனம் கடற்கரை வரை நடந்து, படகில் இலங்கையின் மன்னாருக்குப் போய், அங்கிருந்து காட்டு வழியே மாத்தளைக்கு மறுபடி நடந்தது. போகிற வழியிலேயே காலராவிலும் காய்ச்சலிலும் செத்தவர்கள் ஏராளம். மலையெல்லாம் அவர்கள் கையால் தோட்டமானது. 1948-இல் இலங்கை ஒரு குடியுரிமைச் சட்டம் போட்டு அவர்களை நாடில்லாதவர்களாக்கியது. 1964-இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் கையெழுத்துப் போட்டு, இதில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று பிரித்தார்கள். அந்தக் கணக்கில் என் அப்பத்தாவும் ஒரு தலை.

அதே கடலைத் தாண்டித்தான் நம் நகரத்தார், செட்டியார்மார், கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்யப் போனார்கள். கொழும்பில் செட்டியார் தெருவில் கடை, ரங்கூனில் கடை. பர்மாத் தேக்கும் வெளிநாட்டுக் கண்ணாடியும் கொண்டுவந்து அவர்கள் கட்டிய வீடுகளைப் பார்க்க இன்று எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். கானாடுகாத்தான் தெருவில் நின்றால் எனக்கும் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆத்தங்குடிக் கல்லில் கால் வைத்தால் எனக்கும் குளிர்கிறது. தகரப் பெட்டியோடு திரும்பி வந்தவர்களும் இந்தச் செட்டிநாட்டுச் சீமைதானே? அவர்களுடைய கதையைச் சொல்ல ஒரு வீடு நிற்கிறதா? அதனால்தான் அந்தப் பாட்டு எனக்கு இவ்வளவு பெரிதாகப் படுகிறது.

அந்தப் பாட்டுக்கு வெளியிலும் இதேதான் நடந்தது. 2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா பத்திரிகை அட்டைப்படம் போட்டபோது அதில் அறிவு இல்லை. இயக்குநர் பா.இரஞ்சித் அதைக் கேள்வி கேட்ட பிறகுதான் பலருக்கும் விஷயம் தெரிந்தது. 2022 ஜூலை 28 அன்று சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா. பாட்டு மேடையில் ஒலித்தது, அறிவு மேடையில் இல்லை. ஒவ்வொரு தரப்பும் ஒரு காரணம் சொன்னது. யார் சொன்னது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆள் இல்லை. எனக்குத் தெரிந்தது நம் பொட்டல். அங்கே நாமும் பாட்டை வைத்துக்கொண்டு ஆளை இறக்கிவிட்டோம்.

அன்றைக்கு மேடைக்கு முன்னால் ஆடிய நாலைந்து தம்பிகளின் பனியனில் பாப் மார்லியின் முகம் இருந்தது. சந்தைக் கடையில் வாங்கியிருப்பார்கள். 1976 டிசம்பர் 3-இல் ஜமைக்காவில் அந்த மனிதரை வீடு புகுந்து சுட்டார்கள். நெஞ்சிலும் கையிலும் காயத்தோடு, இரண்டே நாளில் சொன்ன இடத்தில் மேடை ஏறிப் பாடினார். அடிமையாக இழுத்துப்போகப்பட்ட சனத்துக்காகப் பாடியவர். தம்பிகளே, அந்த முகத்தைப் போட்டுக்கொண்டு நின்ற நீங்களாவது அன்றைக்கு ஒரு சத்தம் கொடுத்திருக்கலாம். எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சரி, அரசியல் பாட்டு வேண்டாம் என்கிறீர்கள். எந்தக் காலத்தில் இந்தச் சீமை அரசியல் பாட்டு இல்லாமல் இருந்தது? 1919-இல் பாரதி காரைக்குடிக்கு வந்தார், இந்து மதாபிமான சங்கத்துக்கு. ஒரு வருஷத்துக்கு முன்னால்தான் கடலூரில் கைதாகி வெளியே வந்திருந்தார். அப்படிப்பட்டவரைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் படம் எடுத்துக்கொண்டவர்கள் நம் முன்னோர். பாட்டாளிக்குப் பாட்டுக் கட்டிய கம்யூனிஸ்ட் தலைவர் ஜீவா பக்கத்தில் சிராவயலில்தான் ஆசிரமம் நடத்தினார். 1927-இல் காந்தி அங்கேயே போய் அவரைப் பார்த்தார். கச்சேரி மேடையில் தமிழ்ப் பாட்டு கடைசியில் துக்கடாவாக வந்துகொண்டிருந்த காலத்தில், தமிழிலேயே பாடு என்று கேட்டதும் ஒரு போராட்டம்தான். வித்வான்கள் பலர் கோபித்துக்கொண்டார்கள். கானாடுகாத்தான் ராஜா அண்ணாமலைச் செட்டியார் பின்வாங்கவில்லை. 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் வந்தது.

தேவகோட்டை ரஸ்தா வழியாகப் போகும்போதெல்லாம் எனக்கு இன்னொன்று ஞாபகம் வரும். யுத்த காலத்தில் ஏவி.மெய்யப்பச் செட்டியார் அங்கேதான் கொட்டகை போட்டு ஸ்டுடியோ நடத்தினார். ‘நாம் இருவர்’ அங்கே எடுத்த படம், 1947 ஜனவரியில் வந்தது. அதில் டி.கே.பட்டம்மாள் பாரதியின் விடுதலைப் பாட்டைப் பாடினார், சுதந்திரம் கிடைத்தேவிட்டது என்று பள்ளுப் பாடும் பாட்டு. வெள்ளைக்காரன் கொடி இறங்க அப்போது இன்னும் ஏழு மாதம் இருந்தது. சினிமாப் பாட்டுதானே அது? கொட்டகையில் ஜனம் கேட்டு, ரிக்கார்டு வாங்கி, கல்யாண வீட்டில் போட்டு ஆடிய பாட்டுதானே? நம் மண்ணில் எடுத்த அந்தப் பாட்டைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். நம் ஊர்ப் பையன் பாடினால் மட்டும் அது பிரச்சினையான பாட்டு ஆகிவிடுகிறது.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். எழுதக் கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். 1930 டிசம்பரில், நம் ஊரெல்லாம் அடங்கியிருந்த பழைய ராமநாதபுரம் ஜில்லாவில், ஆதி திராவிட மக்களுக்கு ஆதிக்க சாதிக்காரர்கள் எட்டுத் தடை போட்டார்கள். 1931 ஜூனில் அது பதினொன்றானது. அன்றைக்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆணையராக இருந்த ஜே.எச்.ஹட்டன் அதைத் தன் புத்தகத்தில் பதிவு செய்திருக்கிறார், அம்பேத்கரும் எடுத்து எழுதியிருக்கிறார். சட்டை போடக் கூடாது, குடை பிடிக்கக் கூடாது, பெண்கள் பூ வைக்கக் கூடாது, பிள்ளைகள் படிக்கக் கூடாது. அந்தப் பட்டியலில் இதுவும் ஒன்று: நல்லது கெட்டதுக்கு மேளம் வைக்கக் கூடாது. உங்கள் ஒப்பந்தத் தாளில் அந்த வரியைப் படித்தபோது எனக்கு இந்த மேளம்தான் ஞாபகத்துக்கு வந்தது. நீங்கள் அந்தக் காலத்து மனுஷர்கள் இல்லை, எனக்குத் தெரியும். உங்களில் இரண்டு பேர் அந்தத் தெருப் பிள்ளைகளுக்குக் காலேஜ் பீஸ் கட்டியவர்கள். அதனால்தான் உங்களுக்கு எழுதலாம் என்று தோன்றியது. வேறு ஆட்களாக இருந்தால் எழுதியிருக்க மாட்டேன்.

கோர்ட்டு நிபந்தனை இருக்கிறதே என்று செயலாளர் அண்ணன் சொன்னார். இருக்கிறது. ஆடல் பாடல் நிகழ்ச்சிக்கு அனுமதி கொடுக்கும்போது ஐகோர்ட்டு மதுரைக் கிளை வழக்கமாகப் போடும் நிபந்தனைகளில், ஆபாசம் கூடாது என்பதோடு, சாதி, மதம், கட்சி சார்ந்த பாட்டு கூடாது என்பதும் உண்டு. அந்த நிபந்தனை எதற்கு வந்தது? ஒரு சாதியை ஏற்றிப் பாடி, இன்னொரு சாதியைச் சீண்டி, ராத்திரியோடு ராத்திரியாக வெட்டுக் குத்து ஆகிவிடக் கூடாது என்று வந்தது. தீண்டாமை ஒழிக்கப்படுகிறது என்று அரசியல் சட்டத்தின் 17-ஆவது பிரிவு சொல்கிறது. இட ஒதுக்கீடும் அதே சட்டத்துக்குள் இருப்பதுதான். அதைத்தான் அந்தப் பையன் ராகம் போட்டுப் பாடினான். எந்தக் கட்சிக் கொடியையும் அவன் தூக்கவில்லை, எந்தச் சாதியையும் அவன் திட்டவில்லை.

நிபந்தனையை மீறிய பாட்டு அன்றைக்கு ஓடத்தான் செய்தது. சாயங்காலம் ஊர்வலத்தில், வேனில் கட்டிய ஸ்பீக்கர் பெட்டியில், ஒரு மணி நேரத்துக்கு மேல் சாதிப் பெருமைப் பாட்டு. அரிவாளும் ரத்தமும் ஆண்ட பரம்பரையும். அந்த வேன் ஊருணிக் கரையில் நின்று, அந்தத் தெருவைப் பார்த்துச் சத்தத்தை ஏற்றியதை நான் பார்த்தேன், நீங்களும் பார்த்தீர்கள். அதற்கு யாரும் சீட்டு அனுப்பவில்லை. இந்த வருஷத் தாளில் பேனாவால் ஒரு வரி சேர்க்க வேண்டும் என்றால் அந்த வேனுக்குச் சேர்த்திருக்க வேண்டும்.

அந்தப் பையன் பாடிய பாட்டின் குழு, ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’. 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் கச்சேரி செய்தார்கள். இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கியது. கானா, ராப், ராக், பறை எல்லாம் ஒரே மேடையில். சாதி பேதமற்றவர்கள் என்று நூறு வருஷத்துக்கு முன்னால் தலித் சிந்தனையாளர் அயோத்திதாசர் சொன்ன சொல்லிலிருந்து பெயரை எடுத்துக்கொண்டார்கள். இழவு வீட்டுக்கும் சாமி ஊர்வலத்துக்கும் மட்டும் என்று ஒதுக்கிவைத்த பறையை கிடாருக்குப் பக்கத்தில் வைத்தார்கள். தொழில்காரனாகச் சொல்கிறேன், அந்தப் பாட்டுகளின் சத்தமே தனி. பறைக்கு மைக் வைப்பது லேசான வேலை இல்லை. சுள்ளென்று ஏறும், அடங்காது. அவர்கள் அதைப் பிடித்திருக்கிறார்கள். நம் ஊரில் தப்புக்கு ஒரு மைக் வைக்க வேண்டும் என்று இத்தனை வருஷத்தில் எனக்கே தோன்றியதில்லை. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

பாட்டால் என்ன ஆகிவிடப் போகிறது, எதற்கு வீண் வம்பு என்று தலைவர் ஐயா சொன்னாராம். ஐயா, கொடைக்கானலில் பாதரசத் தெர்மாமீட்டர் செய்த ஆலையை 2001-இல் மூடினார்கள். அதில் வேலை பார்த்து உடம்பு கெட்டவர்கள் நியாயம் கேட்டுப் பதினைந்து வருஷம் அலைந்தார்கள். 2015-இல் சோபியா அஷ்ரப் என்ற சென்னைப் பெண் அதை ஒரு ராப் பாட்டாகப் பாடினார். உலகம் முழுக்கப் பரவியது. 2016 மார்ச்சில் யூனிலீவர் கம்பெனி 591 பழைய தொழிலாளர்களோடு உடன்பாட்டுக்கு வந்தது. பாட்டால் மட்டும் நடந்தது என்று சொல்ல மாட்டேன், அந்த மக்களின் போராட்டம்தான் அடித்தளம். ஆனால் யாருக்கும் கேட்காமல் இருந்ததை அந்தப் பாட்டு கேட்க வைத்தது. அதே 2015-இல்தான் டாஸ்மாக்கை மூடச் சொல்லிப் பாடிய கோவனைத் திருச்சியில் ராத்திரியோடு வந்து தேசத் துரோக வழக்கில் பிடித்துப்போனார்கள். பாட்டால் ஒன்றும் ஆகாது என்றால் எதற்குப் பிடிக்கிறார்கள்? எதற்கு நாம் மைக்கை அணைத்தோம்?

காப்புக் கட்ட இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அதற்குள் ஒரு கூட்டம் போடுங்கள். ஊருணிக்கு அந்தப் பக்கத்துப் பெரியவர்களையும் கூப்பிட்டு, ஒரே ஜமுக்காளத்தில் உட்கார வையுங்கள். அந்த வரியை அடித்துவிட்டு, சாதிப் பெருமைப் பாட்டு போடும் வண்டிக்கு ஊர்வலத்தில் இடம் இல்லை என்று எழுதுங்கள். அந்தப் பையனிடம் கமிட்டியிலிருந்து ஒருவர் போய், விட்ட இடத்திலிருந்து பாடு தம்பி என்று சொல்லுங்கள். பத்து மணிக்குள் முடிக்க வேண்டும் என்பதால் நேரம் இல்லை என்பீர்கள். ஆறே நிமிஷம்தான், பரிசளிப்பைக் கொஞ்சம் சுருக்கினால் போதும்.

இந்த வருஷத்துக்கு நான் இன்னும் முன்பணம் வாங்கவில்லை. அவன் பாடவில்லை என்றால் செட்டு நான் கட்ட மாட்டேன், காரைக்குடியில் வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள். அவன் பாடுகிறான் என்றால் ஒரு ரூபாய் வாடகை வேண்டாம். முதலில் அவன் அப்பாவின் தப்புக்கு ஒரு மைக், பிறகு மூன்றாவது சானலில் அவனுக்கு ஒரு மைக். கூம்புக் குழாய்க்குப் போலீஸ் அனுமதி கிடைப்பதில்லை, அதனால் பெட்டிதான். இத்தனை வருஷமும் நம் வயர் ஊருணிக் கரையோடு நின்றுவிடும். அந்தப் பக்கம் இழுக்கச் சொல்லி யாரும் கேட்டதில்லை, நானும் இழுத்ததில்லை. இந்த முறை இன்னும் இருநூறு அடி வயர் வாங்கி வைத்திருக்கிறேன். அந்தத் தெரு முனையில் இரண்டு பெட்டி வைக்கப் போகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் ஊர் மைக் செட்டுக்காரன்